காதுக்காரர்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் மாமாவும் நலம். அம்மாவும் நலம்; முழங்கால் வலியையும் சேர்த்து நலம் என்றே எழுதச் சொல்கிறாள். உன் கண் எரிச்சல் குறைந்ததா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்காதே. போனில் நீ ஒரு கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு "ம்... சொல்லுக்கா" என்கிறாய். போன மாதம் அம்மா படியில் விழுந்துவிட்டாள் என்று சொன்னபோதும் "சூப்பர்க்கா" என்றாய். கடிதம் என்றால் உட்கார்ந்துதான் படித்தாக வேண்டும். நீயும் கடிதமாகவே பதில் போடு.

விஷயம் இதுதான். எங்கள் ஆஸ்பத்திரிப் பெண்கள் வாலிபால் அணி இந்த வருடம் லீக்கில் ஆடுகிறது. அணி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதே. கருவி கழுவும் அறையிலிருந்து கேப்டன் நான், பில்லிங் கவுன்டர் பெண், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள், லேப்காரி, தையல் பிரிவுக்காரி என்று ஒன்பது பேர். வீட்டு வேலையை அரைகுறையாக முடித்துவிட்டு ஓடி வருகிறவர்கள். ஆனால் சலவைப் பிரிவில் தினக்கூலிக்கு வேலை பார்க்கும் ஒருத்தி இருக்கிறாள். நாங்கள் நெட்டை என்று கூப்பிடுவோம். நான் பந்தை நெட்டுக்கு மேலே தூக்கிக் கொடுத்தால் போதும். எதிரே நிற்பவர்கள் அந்தப் பந்தை எடுக்கப் பார்க்க மாட்டார்கள், ஒதுங்கத்தான் பார்ப்பார்கள்.

துறைமுக அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். எடுத்தால் நிரந்தர வேலை. தேர்வாளர்கள் எங்கள் மைதானம் வரை வர மாட்டார்களாம். ஆட்டத்தை நேரலையில் காட்டினால் இருந்த இடத்திலிருந்தே பார்ப்பார்களாம். கேமராக்காரர், வண்டி என்று வைக்க எங்களால் ஆகாது. உங்கள் கம்பெனி குறைந்த செலவில் செய்கிறது என்று சொன்னாயே, எப்படி என்று எழுது. நெட்டைக்கு இருபத்தொன்பது முடிகிறது. அடுத்த வருடம் அவளைக் கேட்க மாட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். கண் எரிச்சல் அப்படியேதான் இருக்கிறது. அம்மாவை மாடிப்படி ஏற விடாதே. மாமாவைக் கேட்டதாகச் சொல். அந்த "சூப்பர்க்கா"வை ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவாய் என்று தெரிந்ததுதான்.

எங்கள் கம்பெனி என்பது டயர் கடைக்கு மேலே ஒரு அறை. எட்டுத் திரை, மூன்று நாற்காலி. மைதானத்துக்கு எங்கள் ஆள் ஒருவரும் வர மாட்டார். உங்களிடம் இருக்கும் பழைய போன்கள் நான்கு போதும். அவைதான் கேமரா. படம் இன்டர்நெட் வழியாக இங்கே வரும். இங்கே உட்கார்ந்திருப்பவர் நான்கில் எதைக் காட்டுவது என்று மாற்றிக்கொண்டே இருப்பார். ஸ்கோரை இங்கேயே ஒரு பெண் தட்டுவாள். வர்ணனை செய்கிறவர் மூன்றாவது ஊரில் இருக்கிறார்; எதிரொலி வராமல் இருக்கத் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிறார். பார்ப்பவர்களுக்கு அவர் மைதானத்தில் நிற்பதாகத்தான் தோன்றும்.

போனைப் பிடிக்க ஆள் தேட வேண்டாம். வெளியே உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரிகளே பிடிக்கட்டும். ஒவ்வொருவர் காதிலும் ஒரு இயர்போன். இங்கிருந்து "ஒண்ணு, கொஞ்சம் இடது பக்கம்", "ரெண்டு, அப்படியே இருங்க" என்று குரல் வரும். அதன்படி செய்தால் போதும். உள்ளே போகிறவள் போனை வெளியே வருகிறவளிடம் கொடுத்துவிடலாம். எங்களுக்கு ஆள் முக்கியமில்லை, எண் போதும்.

ஒரே ஒரு வேண்டுகோள். நான் உன் தம்பி என்று உன் அணியிடம் சொல்லாதே. அப்புறம் ஆளாளுக்கு "என் முகத்தையும் காட்டச் சொல்லுக்கா" என்பார்கள். எங்களில் மூன்று பேர் மாறி மாறி உட்காருகிறோம். உங்கள் ஆட்டம் யாருக்கு விழும் என்று அன்று காலைதான் தெரியும்.

நெட்டையை நன்றாகக் காட்டச் சொல்கிறேன்.

அன்புடன், தம்பி


பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அம்மா உன்னை இளைத்துவிட்டாய் என்கிறாள், பார்க்காமலேயே.

முதல் ஆட்டம் நடந்தேறியது. போன் நிறுத்த ஸ்டாண்டு இல்லாமல் வார்டிலிருந்து குளுக்கோஸ் ஏற்றும் ஸ்டாண்டு மூன்றைத் தள்ளிக்கொண்டு வந்து பேண்டேஜ் துணியால் கட்டினோம். ரெண்டாம் கேமரா மட்டும் கையில். அது பில்லிங் பெண்ணுக்கு. முதல் செட் முழுக்க அவள் வானத்தையும் தன் கட்டை விரலையும் காட்டியிருக்கிறாள். காதில் வந்தவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாராம். எங்கள் பெண்கள் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "காதுக்காரர் தங்கமான மனுஷன், ஒரு தடவைகூடக் கத்தலக்கா" என்று பில்லிங் பெண் உருகுகிறாள். நான் ஆட்டத்தில் இருப்பதால் அந்தக் குரலைக் கேட்கவில்லை. நீயா?

நெட்டை பதினாறு பாயிண்ட் எடுத்தாள். துறைமுகத் தேர்வாளர் பாதி ஆட்டம் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு ஆட்டம் பார்க்க வேண்டும் என்று செய்தி அனுப்பியிருக்கிறார். அவள் போர்வை மடிக்கும்போதெல்லாம் அதைப் படிக்கிறாள்.

ஒரே ஒரு விஷயம். சாயங்காலம் படத்துக்குக் கீழே பார்த்தவர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். மூன்று வரிக்கு மேல் படிக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். முப்பது நாற்பது வயதுப் பெண்கள் பந்து ஆடுவதைப் பார்த்து இப்படி எழுத எவனுக்கு நேரம் இருக்கிறது? அதை நிறுத்த முடியுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அம்மாவும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும்.

ஆமாம், முதல் ஆட்டத்துக் காதுக்காரர் நான்தான். வானத்தைக் காட்டியபோது தலையில் அடித்துக்கொண்டேன். நெட்டையின் கடைசி அடியை மூன்று முறை திருப்பிப் போட்டேன், பார்த்தாயா? இங்கே எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

கீழே எழுதுகிற அசிங்கத்தைப் பற்றி முதலாளியிடம் சொன்னேன். அவர் பல் குத்திக்கொண்டே கேட்டார். "எழுதறவன்தான்யா திரும்பத் திரும்ப வர்றான். அத மூடுனா கடைய மூடுன மாதிரி" என்றார். பிறகு குத்திய குச்சியாலேயே திரையைத் தொட்டு ஒரு கோட்டைக் காட்டினார். எந்த நொடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் கோடு. பில்லிங் பெண் தவறுதலாகக் கேமராவைக் கீழே இறக்கி ஓர் ஆட்டக்காரியின் பின்னால் வைத்த இடத்தில் கோடு குத்தென்று ஏறியிருந்தது. "பாத்தியா? ஜனங்க சொல்றாங்க. இனிமே பொம்பள ஆட்டம்னா இந்தக் கோணம்" என்றார். திரையில் எச்சில் ஒட்டியிருந்தது. அதை நான்தான் துடைத்தேன்.

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டது. பேசிப் பார்க்கிறேன்.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

அம்மா நலம். மாமா நலம். எனக்கு ஆட்டத்தில் காலில் சுளுக்கு. அது ஒன்றும் பெரிதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திலிருந்து பதினோரு நொடிப் படம் ஒன்று ஊரெல்லாம் சுற்றுகிறது. உங்கள் கம்பெனிப் பக்கத்தில்தான் முதலில் வந்திருக்கிறது, கூடவே மெதுவாகவும் ஒரு முறை ஓடவிட்டு. நெட்டை சர்வீஸை எதிர்பார்த்துக் குனிந்து நிற்கிறாள். பின்னாலிருந்து எடுத்தது. முகமே கிடையாது. யாரோ அதில் பாட்டைச் சேர்த்திருக்கிறான். எக்ஸ்ரே அறையில் இரண்டு பேர் தலையோடு தலை முட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் மறைத்தார்கள், ஆனால் சிரிப்பை மறைக்கவில்லை.

நான் தினமும் ரத்தமும் சீழும் ஒட்டிய கத்தரிகளைக் கழுவுகிறவள். பதினெட்டு வருடமாக அந்தக் கையால்தான் சாப்பிடுகிறேன். அருவருப்பெல்லாம் எனக்கு விட்டுப்போயிற்று என்று நினைத்திருந்தேன். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நெட்டையின் புருஷன் பெயின்டர், சாதுவான ஆள். வேலை நடந்த இடத்தில், அது அவன் மனைவி என்று தெரியாமலே ஒருவன் அவனிடம் நீட்டியிருக்கிறான். சட்டையின் பின்னால் இருந்த எண்ணை வைத்துத்தான் புருஷனுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஷூவை எடுத்துப் பரண் மேல் போட்டுவிட்டு, குளிக்கப் போய்விட்டானாம். அவள் அன்றிலிருந்து ஆட வரவில்லை. பில்லிங் பெண், "ரெண்டாம் கேமரா நான்தானே, நான்தான் எடுத்துட்டேன்" என்று கவுன்டரிலேயே அழுகிறாள். நெட்டை அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

காதில் வந்தது இதுதான்: "ரெண்டு, கீழ வாங்க. இன்னும் கீழ. அந்த நெட்டைய விடாதீங்க. அப்படியே வைங்க."

அன்று அந்த நாற்காலியில் இருந்தது யார் என்று எழுது. இதை நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை நெருக்கடி. அம்மாவும் மாமாவும் நலம்தானே? உன் கால் எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடு. உயரமாக வைத்துப் படு.

நீ எழுதியதைப் படித்து மிகவும் வேதனைப்பட்டேன். விசாரித்தேன். அன்று யார் உட்கார்ந்தது என்று இங்கே சரியாகக் குறித்து வைக்கவில்லை. அநேகமாகச் சாயங்கால ஷிப்ட்காரனாக இருக்கும். அவன் ஒரு மாதிரியான ஆள், எப்போதும் வாசனைப் பாக்கு மென்றுகொண்டிருப்பான், எதற்கும் கூச்சப்பட மாட்டான். முதலாளி சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறவன். அவனிடம் கேட்டேன், நினைவில்லை என்கிறான். இப்போது வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறானாம். கம்பெனிப் பக்கத்திலிருந்து அந்தப் படத்தை எடுக்கச் சொல்லி நானே மூன்று முறை எழுதினேன். எடுத்துவிட்டார்கள். மற்ற இடங்களில் இருப்பதை யாரால் என்ன செய்ய முடியும்?

நெட்டைக்கு ஆறுதல் சொல். காலப்போக்கில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். இங்கே வெயில் அதிகம்.

தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

அம்மா நலம். கால் வீக்கம் வடியவில்லை.

துறைமுகத்திலிருந்து கடைசிச் செய்தி வந்திருக்கிறது. மே 25 ஆட்டத்தை நேரலையில் பார்ப்பார்களாம். அதில் நெட்டை ஆடாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். இதை அவளிடம் சொன்னேன். "எடுக்கட்டும்க்கா" என்று இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

சாயங்கால ஷிப்ட்காரன் என்று எழுதியிருந்தாய். எங்கள் ஆட்டம் காலை பத்து மணிக்கு.

அந்தக் குரல் நெட்டை என்று சொன்னது. அவள் சட்டையில் எட்டு என்றுதான் போட்டிருக்கிறது. அவளை நெட்டை என்று கூப்பிடுவது எங்கள் அணிக்காரிகளும், இந்தக் கடிதங்களைப் படிக்கிற நீயும்தான்.

கண்ணைப் பார்த்துக்கொள்.

அக்கா


மே 2

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அம்மா எப்படி இருக்கிறாள்?

நான்தான். நீ மார்ச்சில் எழுதும்போதே கண்டுபிடித்திருப்பாய், நானாகச் சொல்லட்டும் என்று விட்டிருப்பாய். நான் பாக்கு மெல்லும் ஒருவனை உண்டாக்கி உனக்கு அனுப்பினேன். அப்படி ஓர் ஆளே இங்கு இல்லை. அவனைப் பற்றி எழுதும்போது அவன் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அந்தக் கேவலத்தையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாளி அன்று என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அதைச் சாக்காகச் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லக்கூட இல்லை. அதற்குள் நான் பழகிவிட்டிருந்தேன். அந்த வாரத்தில் வேறு ஊர்ப் பெண்கள் ஆட்டங்கள் ஐந்தில் இதையே சொல்லியிருந்தேன். முதல் தடவை நாக்கு கூசியது. மூன்றாவது தடவை "ரெண்டு, கீழ வாங்க" என்பது வணக்கம் சொல்வதுபோல வந்தது. உங்கள் ஆட்டம் அன்றைக்கு இரண்டாவது. ஐந்தாம் திரையிலிருந்து எட்டாம் திரை வரை நீங்கள். உன்னை அக்கா என்றும் நான் பார்க்கவில்லை, நெட்டையை ஆள் என்றும் பார்க்கவில்லை. பெயர் மட்டும் உன் கடிதத்திலிருந்து வாயில் வந்துவிட்டது. அவள் நன்றாக ஆட வேண்டும் என்று நீ எழுதிய பெயர், அதற்குப் பயன்பட்டது.

படம் இறங்கி நின்றதும், "நல்லா இருக்கு ரெண்டு" என்று பாராட்டவும் செய்தேன். மெதுவாகத் திருப்பிப் போடும் பொத்தானை அழுத்தியதும் நான்தான். கோடு ஏறியது. முதலாளி முதுகில் தட்டினார். அந்த இடம் இன்னும் பிசுபிசுக்கிறது. குளித்தும் போகவில்லை.

பில்லிங் பெண்ணிடம் தயவு செய்து சொல். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. காதில் சொன்னால் கை தானாகச் செய்துவிடும், யாராக இருந்தாலும் அப்படித்தான். கேமரா ரெண்டைப் பிடித்தவளை யாரும் குறை சொல்லக் கூடாது. இந்த உறைக்குள்ளேயே நெட்டைக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன்.

உன் கால் எப்படி இருக்கிறது?

தம்பி


மே 9

தம்பிக்கு,

நலமா என்று கேட்டே ஆக வேண்டும், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் நலம்.

என் காலைப் பற்றி இரண்டு கடிதத்தில் கேட்டாய். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னாய். எந்த ஆட்டத்தில் சுளுக்கிற்று என்று கேட்கவில்லை.

அந்த ஆட்டத்தில்தான். இரண்டாவது செட்டில் குதித்து இறங்கியபோது மடங்கிவிட்டது. எனக்குப் பதிலாகத் தையல்காரி இறங்கினாள். நான் நொண்டிக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பில்லிங் பெண் என் காலைப் பார்த்துப் பதறி, "இதப் பிடிங்கக்கா, நான் ஐஸ் கொண்டாரேன்" என்று போனை என் கையிலும் இயர்போனை என் காதிலும் வைத்துவிட்டு வார்டுக்கு ஓடினாள். போய் வர நான்கு நிமிடம். கேமரா ரெண்டு நான்தான்.

உன் குரல் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். வலியில் இருந்தேன், தம்பி குரல் கேட்டது. கீழே வா என்றாய். வந்தேன். இன்னும் கீழே என்றாய். நீ நடக்கப் பழகிய நாளிலிருந்து நீ கேட்டதை எடுத்துக் கொடுத்துப் பழகிய கை. கை இறங்கிய பிறகுதான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் உடனே எடுக்கவில்லை. "நல்லா இருக்கு ரெண்டு" என்று நீ சொல்லும் வரைக்கும் அப்படியே பிடித்திருந்தேன். பதினோரு நொடி. பிறகு போனை மடியில் கவிழ்த்தேன். "ரெண்டு, என்ன ஆச்சு, படம் போச்சு" என்றாய்.

முழுப் பதிவையும் பார்த்தேன். நான் நொண்டிக்கொண்டு வெளியேறுவதை ஒன்றாம் கேமரா பெரிதாகக் காட்டியிருக்கிறது. நான்கு படத்தில் அதைத் தேர்ந்தெடுத்து ஒளிபரப்பில் போட்டது நீதான். எட்டுத் திரையை முன்னால் வைத்துக்கொண்டு, உன் அக்கா ஒரு காலில் நடப்பதை ஊருக்குக் காட்டினாய், நீ பார்க்கவில்லை.

உன்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று இரண்டு மாதம் காத்திருந்தேன். அந்த இரண்டு மாதமும் பில்லிங் பெண் தான்தான் எடுத்ததாக நம்பி அழுதாள். எப்போது ஐஸ் எடுக்கப் போனோம், எது எப்போது நடந்தது என்று அவளுக்குக் கணக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. உன் வாயிலிருந்து உண்மையை எடுக்க நின்றவள், என் வாயைத் தைத்துக்கொண்டிருந்தேன். உன் மேல் எனக்கு எவ்வளவு அருவருப்போ அதைவிட ஒரு கை அதிகம் என் மேல்.

உன் கடிதம் வந்த மறுநாள் பில்லிங் பெண்ணிடம் சொன்னேன். அவள் கவுன்டரில் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். பிறகு சலவைப் பிரிவுக்குப் போனேன். நெட்டை தனியாகப் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு இரண்டு பேர் வேண்டும். மறு முனையை நான் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். காதுக்காரர் என் தம்பி என்பது, கேமரா யார் கையில் இருந்தது என்பது, எல்லாமே. அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. முனையும் முனையும் சேர்ந்தபோது என் கையிலிருந்து போர்வையை வாங்கிக்கொண்டாள்.

"பில்லிங் அக்காவுக்கு ரெண்டு மாசமா நான் பதில்கூடச் சொல்லல" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சேதான் விட்டீங்க."

நான் அடுத்த போர்வையின் முனையை எடுத்தேன்.

"இன்னும் நாப்பது போர்வை இருக்கு. நானே மடிச்சுக்கறேன், நீங்க போங்க."

உன் கடிதத்தைக் கொடுத்தேன். பிரிக்கவில்லை. அழுக்குத் துணி மூட்டைக்குள் போட்டாள்.

அக்கா


மே 16

அக்காவுக்கு,

உன் கடிதத்தை உட்கார்ந்துதான் படித்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வரிதான் எழுதுவேன். வேலையை விட்டுவிட்டேன். கீழே டயர் கடையில் சேர்ந்திருக்கிறேன். மேலே முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

25ஆம் தேதி ஆட்டத்துக்கு எங்கள் கம்பெனி வேண்டாம். வேறு எந்தக் கம்பெனியும் வேண்டாம். அவள் வந்தாலும் வராவிட்டாலும் இப்படிச் செய்யுங்கள். ஒரே ஒரு போன். அம்பயர் ஏறும் ஏணியின் உச்சியில், அவர் தலைக்கு மேலே, குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பேண்டேஜால் கட்டுங்கள். முழு மைதானமும் தெரிய வேண்டும். கட்டிய பிறகு யாரும் தொடக் கூடாது. இயர்போன் வேண்டாம். யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். ஸ்கோரைச் சிலேட்டில் எழுதி மூலையில் தெரிகிற மாதிரி வையுங்கள். கீழே எழுதும் வசதியை மூடிவிடுங்கள். எப்படி என்று தனித் தாளில் படம் போட்டிருக்கிறேன். படம் உப்புச்சப்பில்லாமல் இருக்கும். தேர்வாளருக்கு அது போதும்.

காலுக்கு ஸ்கேன் எடுத்தாயா? ஆஸ்பத்திரியிலேயே இருந்துகொண்டு எடுக்காமல் இருப்பாய், எனக்குத் தெரியும்.

தம்பி


மே 27

தம்பிக்கு,

எல்லோரும் நலம்.

நெட்டை வந்தாள். புருஷனே பரணிலிருந்து ஷூவை இறக்கி, தூசி தட்டி, சைக்கிளில் கொண்டுவந்து விட்டான். அவள் நேராக ஏணியில் ஏறி, போன் எங்கே பார்க்கிறது என்று தன் கண்ணால் பார்த்தாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள். இறங்கி வந்து, "எனக்கு வேலை வேணும், அதான் ஆடறேன். உங்களுக்காக இல்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பில்லிங் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை.

நான் தூக்கிக் கொடுத்த பந்தையெல்லாம் அடித்தாள். வேலையில் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு பாயிண்ட் முடிந்ததும் நாங்கள் ஆளுக்கு ஆள் கை தட்டிக்கொள்வோம், உனக்குத் தெரியும். அவள் சுற்றி வந்து எல்லோர் கையிலும் தட்டினாள். என்னிடம் வரும்போது திரும்பிக்கொண்டாள். மூன்று செட்டும் அப்படித்தான். ஜெயித்தோம்.

தேர்வானவர்கள் பட்டியலில் அவள் பெயர் வந்துவிட்டது. அடுத்த மாதம் போகிறாள். என்னிடம் சொல்லவில்லை, லேப்காரி சொன்னாள்.

பத்தொன்பது பேர் பார்த்ததாகக் காட்டியது. அதில் நீ உண்டா? இந்த முறையாவது என்ன பார்த்தாய் என்று எழுது.

அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பார்த்தேன். டயர் கடையில் மத்தியானம் வரை லீவு சொல்லிவிட்டு, ஒரு போனில், ஒரு படத்தை, முதலிலிருந்து கடைசி வரை. பிறகு பதிவை இரண்டு முறை பார்த்தேன்.

நீ நெட்டையிடம் இருபத்தாறு முறை கையை நீட்டினாய். இருபத்தேழாவது முறை பாதி தூக்கிவிட்டு, தலைமுடியைச் சரிசெய்வதுபோல இறக்கிக்கொண்டாய். அதற்குப் பிறகு நீட்டவில்லை.

அவ்வளவு உயரத்திலிருந்து யாருடைய முகமும் தெரியவில்லை. ஆனால் குதித்து இறங்கும்போது எடையை வலது காலிலேயே போடுகிறாய். இடது கால் இன்னும் சரியாகவில்லை. நாளைக்கே போய்க் காட்டு. டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது.

தம்பி